எமில்டாவின் கதிரை

எமில்டாவைக் கேட்காமல் வன்னியில் ஒருவராலும் குந்தவே முடியாது என்று அவளது தம்பி றெஜி ஊரெல்லாம் அளந்துகொண்டு திரிந்தான். அவளோ கிளிநொச்சிப் பக்டரியில் ஆட்கள் குந்தும் பிளாஸ்டிக் கதிரை வார்க்கும் மெசினோடு மாரடிப்பவள். அச்சில் கதிரை ஒட்டிக்கொள்ளும். இழுத்தெடுத்தால் கரண்ட் போகும்.

போதாததற்கு, கலியாணத்துக்குப் பிறகு அந்த வேலையை விடவேண்டும் என்று சொல்ல, அவளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். சொல்லி வாய் மூடவில்லை, கதிரைக்கால் முறிந்து தேத்தண்ணியோடு நிலத்தில் கிடந்தார்.

"இதுதானோ பிள்ளை நீர் செய்யிற கதிரை?"

எமில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதிரையைப் புரட்டிப் பார்த்தாள். கால் பாதிவரை மரம் அரியும் வாளால் அறுபட்டிருந்தது.

"றெஜி! என்ர கதிரை தானா முறியாது. வாளை எங்கையடா ஒளிச்சனி?"

"உன்ர வேலையை விடச்சொல்ல வாறவர் விழட்டுமெண்டுதான் அக்கா..."

மாமாவுக்கும் கேட்கட்டும் என்றே அவள் கத்தினாள்:

"வேலையை விடமாட்டனெண்டு சொல்ல எனக்கு வாய் இருக்கு. கதிரைக்குத்தானடா வாயில்லை!"