அந்தத் தீவிலும் கப்பல் நிற்கும்

அந்தத் தீவின் பெயருக்கு மேல் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைக் கிழித்தது நான்தான். முதலாளி கேட்டபோது ஓம் என்றேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வேன்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாக் கடைத்தொகுதியில், நகைக்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் நடுவில் இருந்தது நாங்கள் வேலை செய்த பயண முகவர் நிலையம். முதலாளி யாழ்ப்பாணத்தவர். சென்னைக்கும் கொழும்புக்கும் லண்டனுக்கும் விமான ரிக்கெற் போடுவது என் வேலை. அடுத்த மேசைக்காரி குரூஸ் என்கிற உல்லாசக் கப்பல் பயணங்களை விற்பாள். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் பிறந்து, இளம் வயதிலேயே கனடாவுக்கு வந்தவள். என்னைவிட நன்றாக மூத்தவள் என்றாலும் நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதால் அக்கா, தங்கச்சி என்ற முறையெல்லாம் எங்களுக்குள் வரவில்லை. அவள் சொன்னவற்றை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் போர் முடிவதற்கு முந்திய செப்டெம்பரில் அவளுடைய தீவைச் சூறாவளி அடித்தது. மறுநாள் கடை திறந்ததும் தொலைபேசிகள் விடாமல் அடித்தன. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எங்கள் கப்பல் போகுமா? கப்பல் கொம்பனி உடனேயே பதில் அனுப்பிவிட்டது. கப்பல் போகும், அந்தத் தீவில் மட்டும் நிற்காது, அதற்குப் பதிலாக வேறொரு தீவில் நிற்கும். கேட்டவர்களுக்கு நிம்மதி. அவளுடைய ஒரே தம்பி அந்தத் தீவில் கப்பல் பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டும் வான் வண்டி ஓட்டுகிறவன். அவன் மனைவி இறங்குதுறைக்குப் பக்கத்தில் மீன் பொரித்து விற்கிறவள். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல், அவள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மற்றத் தீவின் கடற்கரை நல்ல வெள்ளை மணல் என்று அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் நான் தேத்தண்ணி போட்டு அவள் மேசையில் வைத்தேன். அவள் குடிக்கவில்லை.

“காலையிலிருந்து என் தீவை நானே கடலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறேன்,” என்றாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் தம்பி பேசினான். வீட்டுக் கூரை போய்விட்டது, வானின் கண்ணாடிகள் போய்விட்டன, இறங்குதுறை நடுவால் முறிந்துவிட்டது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீர் ஒன்றை ஒரே மூச்சில் குடித்தாள்.

தீவுக்காரர்கள் கிறிஸ்மஸுக்குள் இறங்குதுறையைத் திருத்திவிட்டார்கள். பட்டணத்துக்கு மின்சாரமும் வந்துவிட்டது. கப்பல்தான் வரவில்லை. அந்தத் தீவில் நிற்காதது பயணிகளில் ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை என்பதைக் கொம்பனி கண்டுகொண்டது. காற்று ஒரே இரவில் செய்ததைவிடக் கப்பல் வராத மாதங்கள் செய்த அழிவு பெரிது என்று அவள் சொல்வாள். வான் ஓட்டினவர்கள், தலைமயிர் பின்னிவிட்டவர்கள், தொப்பி விற்றவர்கள் எல்லோரும் வேலை தேடித் தீவைவிட்டுப் போனார்கள். இளசுகள் சிலர் அதே கப்பல்களில் கோப்பை கழுவப் போனார்கள். கப்பல் அவர்கள் ஊரைத் தூரத்தில் கடந்து போகும்போது அவர்கள் கீழ்த்தட்டில் நின்றுகொண்டிருப்பார்கள்.

எங்கள் கடைச் சுவரில் கரீபியன் கடலின் பெரிய வரைபடம் ஒன்று இருந்தது. வருகிறவர்கள் அந்தத் தீவைக் காட்டி, இதுதானே அடிபட்ட இடம் என்று கேட்டு முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் முதலாளி ஜனவரியில் ஒரு நாள் அதன் பெயருக்கு மேல் வெள்ளைத் தாளை ஒட்டினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் தங்கச்சியும் அவள் கணவரும் மகளும் அப்போது போர் நடந்த வன்னியில், ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருந்த ஊர்களின் பெயர்களைச் செய்தியில் ஒவ்வொன்றாக, இராணுவத்திடம் பிடிபட்டது, பிடிபட்டது என்று வாசித்துக்கொண்டிருந்த மாதம் அது. ஒரு இடத்தின் பெயரை மூடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கிழித்தேன். நீயோ கிழிச்சது என்று முதலாளி கேட்டார், ஓம் என்றேன்.

“பிள்ளை, யாவாரம் நடக்க வேணுமெல்லோ,” என்றார் முதலாளி. “அங்க ஒண்டும் மிச்சமில்லையெண்டு தெரிஞ்சா ஆர் புக் பண்ணுவினம்?”

“அங்க சனம் மிச்சம் இருக்கு, அண்ணை.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பசைப் போத்தலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மறுபடி ஒட்டவில்லை.

அந்த வசந்த காலத்தில் வேலை முடிந்ததும் நான் சப்வே ரயில் எடுத்து நகர நடுவான டவுன்ரவுனுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் செய்த ஆர்ப்பாட்டத்தில் நிற்பேன். ஒரு நாள் அவளும் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். பிறகு பல நாள் வந்தாள். எங்கள் சனம் அவளை அதிசயமாகப் பார்த்தது. என்னோடு வேலை செய்கிறவள் என்றேன், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு மாலை, வீதி மறிபட்டதில் கோபப்பட்ட ஒரு வெள்ளைக்காரர் எங்களிடம் வந்து, உங்கள் சண்டையை உங்கள் நாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வீட்டுக்குப் போகப் பிந்துகிறது என்று கத்தினார். அவள் முன்னுக்கு வந்தாள்.

“உங்களுக்குப் போக ஒரு வீடு இருக்கிறது,” என்றாள். “இவளின் தங்கச்சிக்கு இல்லை. நீங்கள் பிந்தியே போகலாம்.”

அவர் ஏதோ முணுமுணுத்தபடி போய்விட்டார்.

மே மாதம் போர் முடிந்தது. அன்று முதலாளி கதவின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. வீட்டில் போய் என்ன செய்வது? சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அவள் தன் கதிரையை என் மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்து, எனக்கு வந்த எல்லா அழைப்புகளையும் தானே எடுத்தாள். கொழும்பு ரிக்கெற் கேட்டவர்களிடம் நாளைக்கு எடுங்கள் என்றாள். என் முதுகில் தட்டவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. எதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெயில் காலம் தொடங்கிய பிறகுதான் தங்கச்சியின் குரலைக் கேட்டேன். போரில் தப்பிய சனத்தை அடைத்துவைத்த முகாமுக்குள்ளிருந்து யாருடையவோ கைபேசியில் எடுத்திருந்தாள். தானும் மகளும் உயிரோடு இருப்பதாகச் சொன்னாள். கணவரைப் பற்றித் தகவல் இல்லை. எனக்கு விம்மல் வந்தது.

“அழுறதெண்டா பிறகு அழு. இப்ப கதை,” என்றாள். “நீ வேலைக்குப் போறனியோ? இண்டைக்கு என்ன சமைச்சனீ?”

கத்தரிக்காய்க் குழம்பு என்றேன். எப்படி வைத்தேன் என்று கேட்டாள். முழுவதும் சொல்லச் சொன்னாள். முள்வேலிக்குப் பின்னால் நின்ற என் தங்கச்சி, குழம்புக்கு உப்புப் போதாமல் போயிருக்கும் என்று குறை சொன்னாள்.

அந்த இலையுதிர் காலத்தில் கப்பல் கொம்பனி ஒரு முடிவு எடுத்தது. வரும் குளிர்காலத்தில் சில பயணங்களில் மட்டும் கப்பல் அந்தத் தீவில் நின்று பார்க்கும். பயணிகள் போதிய அளவு இறங்கினால் தொடரும், இல்லையென்றால் இல்லை. அவள் முதற் பயணத்துக்கு ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினாள். முதலாளிக்குப் பயம். போய்வந்தவர்கள் குறை சொல்வார்கள், கடையின் பெயர் கெடும் என்றார். அப்படியென்றால் தான் வேறு கடைக்குப் போய் விற்பேன் என்று அவள் அமைதியாகச் சொன்னாள். அவ போனா நானும் போறன் என்று நான் சொன்னேன். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, உங்கள் ரெண்டு பேரோடயும் மனுசர் கடை நடத்த ஏலாது என்று சொல்லி அதோடு விட்டுவிட்டார்.

தமிழ்ச் சனத்தை நான் பார்த்துக்கொண்டேன். யூனியன்வில்லில் இருந்த ஓர் அங்கிளின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பமாகக் கப்பலில் போக விரும்பினார்கள். எந்தத் தீவு, என்ன நடந்த தீவு என்பதை மறைக்காமல் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். அவர்களோடு நானும் போவது என்று முடிவெடுத்தேன். முகவர்களுக்குக் கட்டணம் குறைவு. கோயிலில் அதைப் பற்றி ஒரு கதை ஓடியது: அங்கே சனம் முகாமில் கிடக்குது, இவள் உல்லாசக் கப்பலுக்குப் போறாள். அந்தக் கதை சுற்றிச் சுற்றி என் காதுக்கும் வந்தது. தங்கச்சி அடுத்த முறை எடுத்தபோது நானே அவளிடம் சொன்னேன்.

“நீ அங்க குந்தியிருந்தா எனக்குக் கூரை வருமோ?” என்று கேட்டாள். “போட்டு வா. அந்தச் சனம் என்னெண்டு திரும்ப எழும்பினது எண்டு பாத்துக்கொண்டு வந்து சொல்லு. எனக்குத் தேவைப்படும்.”

புதுவருடம் பிறந்த பிறகு அவளும் நானும் நாங்கள் சேர்த்தவர்களோடு போனோம். தீவை அடைந்த காலை, கப்பலின் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. கரையில் வசதிகள் குறைவு, விரும்பாதவர்கள் இறங்க வேண்டியதில்லை, நீச்சல் குளமும் சூதாட்ட மண்டபமும் திறந்திருக்கும். சாப்பாட்டு மண்டபத்தில் இருந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவள் எழும்பினாள். மேசை மேசையாகப் போய், இது நான் பிறந்த ஊர், இறங்கி வாருங்கள் என்று சொல்லத் தொடங்கினாள். மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, இங்கே எதுவும் விற்கக்கூடாது, தயவுசெய்து இருங்கள் என்றார். நான் ஒன்றும் விற்கவில்லை, என் ஊருக்கு ஆட்களைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மேசைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார். அவள் நிற்கவில்லை.

நான் எங்கள் ஆட்களின் மேசைக்குப் போனேன். அங்கிள் தயங்கினார்.

“உதுக்குள்ள இறங்கி என்ன பாக்கிறது பிள்ளை? உடைஞ்ச வீடுகளையோ? அதுகளை வேடிக்கை பாக்கிறது பாவமெல்லோ.”

“வேடிக்கை பாக்க வேண்டாம் அங்கிள். அங்க மீன் பொரிக்கினம். போய்ச் சாப்பிடுவம்.”

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்க அவர் மனைவி, அன்ரி, எழும்பிச் செருப்பைப் போட்டார். “நீங்கள் இருங்கோ. நான் போறன்,” என்றார். அதற்குப் பிறகு அங்கிளும் பிள்ளைகளும் வந்தார்கள்.

அவளுடைய தம்பி கரையில் வானோடு காத்திருந்தான். யன்னல்களுக்குக் கண்ணாடி இன்னும் இல்லை. தடித்த பிளாஸ்ரிக் ஒட்டியிருந்தான். அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு உடனே வேலையைத் தொடங்கினான். கூரையில்லாத பள்ளிக்கூடத்தை அவன் மறைக்கவுமில்லை, நிறுத்திக் காட்டவுமில்லை. இந்தக் குடா, இந்த மலை, இங்கேதான் நான் நீந்தப் பழகினேன் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். கூரைக்குப் பதிலாக நீலத் தறப்பாள் போட்ட ஒரு வீட்டின் முன்னால் ஒரு பெண் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களோடு ஏறியிருந்த ஒருவர் அவளைப் படமெடுக்கக் கமராவைத் தூக்கினார். தம்பி வானை நிறுத்தினான்.

“இறங்கிப் போய் முதலில் வணக்கம் சொல்லுங்கள். அவள் சரியென்றால் எடுங்கள்.”

அவர் கமராவை மடியில் வைத்தார். வான் மறுபடி ஓடியது.

மீன்கடை நான்கு தடியும் ஒரு தகரமும்தான். தம்பியின் மனைவி சுடச்சுடப் பொரித்துத் தந்தாள். நல்ல உறைப்பு. அங்கிள் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். காசு கொடுக்கும்போது ஒரு பெரிய தாளை வைத்துவிட்டு மிச்சம் வேண்டாம் என்று கைகாட்டி நடந்தார். அவள் பின்னால் ஓடிவந்து மிச்சத்தை அவர் கையில் வைத்தாள்.

“இது மீனுக்கு,” என்றாள். “புயலுக்கு நான் விலை போடவில்லை.”

அங்கிள் அந்த இடத்திலேயே நின்றார். அவருக்குக் கோபம் வந்துவிட்டதோ என்று நான் பயந்தேன். பிறகு அவர் திரும்பி வந்து மர வாங்கில் உட்கார்ந்து, வான் பயணிகள் எல்லோருக்கும் இன்னொரு தட்டுப் போடச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே சட்டியில் எண்ணெய் ஊற்றினாள்.

கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர்கூட இறங்கவில்லை. ஆனாலும் கொம்பனி எதிர்பார்த்ததைவிட அது கூடுதல். அடுத்த குளிர்காலத்து அட்டவணையில் அந்தத் தீவு இருந்தது. எல்லாம் நேராகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். தம்பியின் மூத்த மகன் அதற்குள் கப்பல் வேலைக்குப் போய்விட்டான், திரும்பி வரும் எண்ணமும் அவனுக்கு இல்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டொருவர் குறை சொன்னார்கள். அந்தக் குறைகளை முதலாளியே எடுத்துக் கேட்டு, வேறு தீவு விருப்பமென்றால் வேறு கடை பாருங்கோ என்று சொன்னபோது நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கோயிலில் வேறோர் அன்ரி என்னிடம் நேராகவே கேட்டார், எப்படிப் பிள்ளை உனக்கு மனம் வந்தது என்று. தங்கச்சிதான் போகச் சொன்னவள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. “வந்தது அன்ரி. இன்னும் ஒருக்காப் போகவும் மனமிருக்கு,” என்றேன்.

தங்கச்சியையும் மகளையும் முகாமிலிருந்து வெளியே விட்டார்கள்; கணவரைப் பற்றி அப்போதும் தகவல் இல்லை. அவள் தன் காணிக்குத் திரும்பிய பிறகு நான் ஊருக்குப் போகப் புறப்பட்டேன். அதற்கும் இங்குள்ள சனம் தடை சொன்னது. அங்கே ஒன்றும் இல்லை, போய் எதைப் பார்க்கப் போகிறாய் என்றது. நான் எனக்கு ரிக்கெற் போட்டேன்.

இரண்டு பெட்டி நிறையச் சாமான்களோடு தங்கச்சியின் காணியில் போய் இறங்கினேன். அவள் மெலிந்து கறுத்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்துக் கைகளை விரித்தேன். அவள் ஒரு கையில் சுத்தியலும் வாயில் இரண்டு ஆணியுமாக ஏணியில் நின்றாள். ஆணிகளைத் துப்பிக் கையில் எடுத்தாள்.

“பெட்டியளை உதில வை,” என்றாள். “காத்து வரமுதல் வந்து இந்தத் தகரத்தின்ர மற்றப் பக்கத்தைப் பிடி.”

ஓடிப்போய்ப் பிடித்தேன். தகரம் வெயிலில் சுட்டது.