டமார் ஓமர்

எங்கள் சபையில் ஓமர் லாப் என்ற பெயரில் ஐந்து பேர் இருக்கிறோம். நானும் ஒருவன். காரும் மின்சாரமும் வேண்டாமென்று குதிரைவண்டியோடு வாழும் கிறிஸ்தவர்கள் நாங்கள், ஆமிஷ் என்பார்கள். பெக்குவே ஓடைக்கரையில் ஆமிஷ் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை, பெயர்களுக்குத்தான் பஞ்சம். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயரை ஒட்டிவிடுவார்கள். என்னைப் பார்த்தவர்கள் யோசிக்கவே இல்லை, ‘மூக்கு ஓமர்’ என்று வைத்துவிட்டார்கள். வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது? பட்டப்பெயர் ஆளோடு நிற்காது என்பதுதான் பெரிய தொல்லை. பெண்டாட்டிக்குப் போகும், பிள்ளைகளுக்குப் போகும். என் மனைவிக்கு அழகான மூக்கு. ஆனாலும் அவள் ‘மூக்கு ரெபேக்கா’தான்.

நான் சொல்ல வந்தது என் சித்தப்பா மகன் ஓமரைப் பற்றி. குதிரைக்கு லாடம் அடிப்பது அவன் தொழில். எவ்வளவு முரட்டுக் குதிரையும் அவனிடம் காலைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கும். இப்போது அவனுக்கு அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது: எதைச் செய்தாலும் ஒரு கைப்பிடி கூடப் போடுவான்.

கோடை வந்தால் எங்கள் வீடுகளில் ரூட் பீர் போடுவோம். பெயரில்தான் பீர், குடித்தால் தலைக்கு ஏறாது. வேர்த் தேநீர் என்று சொன்னால் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றுதான் அந்தக் காலத்தில் பீர் என்று பெயர் வைத்தார்களாம். அப்போதெல்லாம் சசாபிரஸ் வேர், காட்டு நன்னாரி, பிர்ச் மரப்பட்டை எல்லாவற்றையும் காட்டிலிருந்து கொண்டுவந்து கொதிக்கவைப்பார்கள். சசாபிரஸ் எண்ணெய் உடம்புக்கு ஆகாது என்று அரசாங்கம் தடை போட்டபிறகு, கடையில் விற்கும் சாறுதான். அதோடு சர்க்கரை, தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட். பாட்டிலில் அடைத்து அரை நாள் வெயிலில் வைத்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று நுரையைக் கிளப்பும். அதற்குமேல் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். அரை நாள் என்றால் அரை நாள்.

எங்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது, வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் ஆராதனை. அந்த ஜூலையில் ஓமர் வீட்டு முறை. வருகிறவர்களுக்காக நாற்பது பாட்டில் போட்டான். சர்க்கரை ஒரு கை கூட, ஈஸ்ட் ஒரு கை கூட. வெயிலில் வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போனவன், பொழுது சாய்ந்துதான் வந்தான். வந்து, பாட்டில்களை அப்படியே நிலவறையில் இறக்கினான்.

மறுநாள் காலை, அந்த நிலவறைக்கு நேர் மேலே சபை கூடியது. பெனுவல் போதகர் உலகத்தின் கடைசி நாளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்று முடித்தார். எல்லோரும் மண்டியிட்டு மௌன ஜெபத்தில் இருந்தோம். டமார்! தொடர்ந்து இன்னும் மூன்று டமார்! என் பெரியம்மா ஓவென்று அழுதுவிட்டாள். பெனுவல் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“அதுக்குள்ளயா?”

மத்தியானம் ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டு முடிப்பதற்குள் ‘டமார் ஓமர்’ ஊரெல்லாம் பரவிவிட்டது.

அவனுக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் பெனுவலின் இரண்டாவது மகள் சவில்லாவை, அந்த வசந்த காலத்திலிருந்தே ஞாயிறு இரவுப் பாட்டுக்கூட்டம் முடிந்ததும் தன் குதிரைவண்டியில் வீட்டில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வழக்கத்தில் இதெல்லாம் ரகசியம். கல்யாணத்தைச் சபையில் அறிவிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கட்டிக்கொள்கிறாயா என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

“உன்னைப் பிடிச்சிருக்கு. உன் பேருதான் பிடிக்கல,” என்றாள் சவில்லா. “கடைக்குப் போனா ‘டமார் சவில்லா வந்துட்டா’ம்பாங்க. பிள்ளைங்க டமார் லெவி, டமார் மாலிண்டா. அந்தப் பேரை எங்கயாவது இறக்கி வச்சுட்டு வா, அப்புறம் பாக்கலாம்.”

நேராக என்னிடம் வந்தான். “மூக்கு, ஒரு வழி சொல்லுடா.”

“என் மூக்கையே இறக்கி வைக்க முடியல, உன் பேருக்கு நான் எங்கடா போவேன்?”

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். நவம்பரில் சவில்லாவின் அக்காவுக்குக் கல்யாணம். முந்நூறு பேருக்கும் ரூட் பீர் தானே போடுவதாகப் பெனுவலிடம் போய் நின்றான். ஒரு பாட்டில்கூட வெடிக்காவிட்டால் பெயர் தானாக உதிர்ந்துவிடும் என்பது அவன் கணக்கு.

“கல்யாணத்தை முடிக்க விடுவியாடா?” என்றார் பெனுவல். பாட்டில்கள் தொழுவத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஓமர் கரண்டியைக் கத்தியால் வழித்து வழித்து அளந்தான். அடுப்புப் பக்கத்தில் அரை நாள் வைக்க வேண்டியதை, பயத்தில் அரை மணியில் தூக்கிவிட்டான். கல்யாணத்தன்று மௌன ஜெபத்தின்போது என் பக்கத்தில்தான் மண்டியிட்டிருந்தான். அந்தக் குளிரிலும் அவன் கழுத்தில் வேர்வை. ஒரு சத்தமும் வரவில்லை.

பந்தியில் கோழியும் செலரித் தண்டும் பரிமாறி, பாட்டில்களைத் திறந்தார்கள். அப்போதும் சத்தம் வரவில்லை. நான் முகர்ந்து பார்த்தேன். முதலில் மூட்டுவலித் தைலம் போல ஒரு வாசனை, அடியில் வனிலா, அதற்கும் அடியில் வேரின் மண்வாசனை. எல்லாம் சரியாகவே இருந்தது. வாயில் ஊற்றினேன். சப்பென்று இருந்தது. நாக்கைச் சுண்டும் நுரை கொஞ்சம்கூட இல்லை.

“சப்பு ஓமர்!” என்று கடைசி மேசையிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், கூடம் முழுக்கச் சிரிப்பு. ஓமரின் முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த சவில்லா ஒரு பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு முந்நூறு பேருக்கும் நடுவே நடந்துவந்து அவன் எதிரில் நின்றாள்.

“சப்பு சவில்லான்னு என்னால காலம் தள்ள முடியாது. டமாரே இருந்துட்டுப் போகட்டும்!”

சொன்னபிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. காது வரை சிவந்துபோனாள். பெனுவலின் கையிலிருந்த கோழிக்கால் தட்டில் விழுந்தது.

“அதுக்குள்ளயா?” என்றார்.

அடுத்த நவம்பரில் அவர்கள் கல்யாணம். மௌன ஜெபம். எல்லோரும் மண்டியிட்டிருக்கிறோம். தொழுவத்துப் பக்கமிருந்து டமார்! நான் திரும்பி ஓமரை முறைத்தேன். அவன் திகைத்துப்போய் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். சவில்லா தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

“நான்தான் போட்டேன்,” என்று முணுமுணுத்தாள். “சர்க்கரை ஒரு கை கூட.”