நாடாவுக்கு முன்னால் குனிந்தேன்

போன சனிக்கிழமை நான் படித்த பள்ளியில் விளையாட்டு விழா. பரிசு கொடுக்க தேவராஜன் மாஸ்டர் வந்திருந்தார். மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பகுதிக்காரர்தான். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து அவர் பெருமையை அடுக்கினார் — சிங்கப்பூர் கல்லூரியில் கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட், நூறு கெஜ ஓட்டம்... நான்கிலும் கல்லூரி அணி. இப்போது ஊரில் பல பள்ளிகளுக்கு கோச்.

மாஸ்டர் என் பக்கம் சாய்ந்தார். "நாம தோத்த ரேஸ மட்டும் சொல்லல பாரு. பாகுஸ்! நல்லதாப் போச்சு."

எந்த ரேஸ் என்கிறீர்களா?

யுத்தத்தில் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்ததும் கல்லூரியை மூடிவிட்டார்கள். மாஸ்டர் ஸ்பைக்ஸ் ஷூவோடு ஊர் திரும்பினார். மலாக்கா செட்டிக் குடும்பம் அவருடையது. கோயிலில் தமிழ்ச் சாமி, வீட்டில் மலாய்ப் பேச்சு. எங்கள் பள்ளியில் அவருக்குக் கிடைத்த வேலை, காலையில் ஜப்பான் உடற்பயிற்சி நடத்துவது. ஹாக்கி மட்டை பிடித்த கையை ஆட்டி ஆட்டி, 'இச்சி, நீ, சான்' என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பள்ளிகளுக்கிடையே விளையாட்டுப் போட்டி என்று உத்தரவு வந்தது. பெண்கள் ரிலேயில் ஜெயிக்கும் நான்கு பேருக்கும் அரிசி! மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளையும் சாப்பாடு என்றிருந்த காலத்தில் அரிசி.

எங்கள் பள்ளி அணி நால்வரில் நானும் ஒருத்தி. என் அப்பா மாட்டு வண்டி ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "அரிசி கொண்டாந்தா பள்ளிக்கூடம் போ. இல்லன்னா புக்கிட் காதில் காட்டுல மரவள்ளி நட வா. ஏட்டப் பாத்தா வயிறு ரொம்புமா?"

மாஸ்டரின் பயிற்சியில் ஓட்டமே கிடையாது. "மாக்கான் இல்லாத பிள்ளைங்க... சாப்பிடாம எப்படி ஓடும்?" என்பார். துடைப்பக் கட்டையை அறுத்துக் கொடுத்து, நடந்தபடியே கைமாற்றச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டும் மாற்றினோம். கால் பலத்தில் தோற்றாலும் கை வேகத்தில் ஜெயிக்கலாம் என்பது அவர் கணக்கு.

இன்னொரு பாடமும் உண்டு. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பாலத்தடியில் காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாயைக் கவனிக்காமல், குனிந்து வணங்காமல் மாஸ்டர் ஓடிப் போயிருக்கிறார். கூப்பிட்டு அறைந்ததில் தாடை வீங்கிவிட்டது. நான்கு ஆட்டம் ஆடியவர்தான்... ஓர் அறையிலிருந்து விலக முடிந்ததா?

அதிலிருந்து எங்களுக்கு தினமும் அதே பாடம். "சோல்ஜரப் பாத்தா நில்லு. குனி. அப்புறம் போ." பயிற்சிக்கு நடுவில் திடீரென்று "சோல்ஜர்!" என்று கத்துவார். நாங்கள் நால்வரும் மடங்குவோம்.

போட்டி அன்று கட்டை ஒரு தடவைகூட நழுவவில்லை. கடைசி ஆள் நான். என் கைக்கு வந்தபோது நாங்கள்தான் முன்னால். எல்லையில் கட்டிய நாடா எதிரே தெரிந்தது. அப்போது பந்தலிலிருந்து ஒரு ஜப்பான் அதிகாரி எழுந்து வந்து, நாடாவுக்குப் பின்னால் நின்றார். இடுப்பில் வாள்.

மற்றவர்கள் நாடாவைப் பார்த்து ஓடினார்கள். நான் ஆளைப் பார்த்தேன்.

நின்றேன். கட்டையோடு இடுப்பு வரை குனிந்தேன். நிமிர்ந்தபோது மூன்று பள்ளிகள் என்னைத் தாண்டிப் போயிருந்தன. அதிகாரி மட்டும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"உனக்குப் பைத்தியமாடி?" என்று என் அணிப் பெண்கள் அழுதார்கள். மாஸ்டர் நேராக என்னோடு வீட்டுக்கு வந்தார். அப்பா அப்போது மரவள்ளிக் குச்சிகளை நடுவதற்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அரிசி போச்சு. பிள்ள மேல தப்பில்ல. நான் சொல்லிக்குடுத்ததத்தான் செஞ்சா. தோத்தது நான்."

நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, அப்பா என் கன்னங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடி விழலியே?"

"இல்லப்பா."

கத்தியைக் கீழே வைத்தார்.

"குனியறதுக்கு நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க, மாஸ்டர். பாதியில விட்டா எப்படி? நிமிந்து ஓடவும் பழக்கி விடுங்க. நாளைக்கே அனுப்புறேன்."

மறுநாள் பள்ளிக்குப் போனேன். மரவள்ளியை அப்பாவே நட்டார். தின்ன மட்டும் என்னைக் கூப்பிட்டார்!