என் பாஸ் கேட்காத ஒரு வருடம்

பதினாறு வருடம் ஒரே இன்னிசைக் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தேன். அதில் கடைசி ஒரு வருடம் நான் வாசித்தது எனக்கு மட்டும்தான் கேட்டது. மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேராதபடி சவுண்ட்காரரின் மிக்சரில் என் சேனலை மூடி வைத்திருந்தார்கள். மூடச் சொன்னவன் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

எனக்குத் தொழில் மோட்டார் ரிப்பேர். மரக்காணத்து உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைக் கழற்றி, அரித்துப் போனதை எடுத்துவிட்டு வேறு போட்டு மாட்டுவேன். உப்பு எதையும் விட்டுவைக்காது. செம்பு பச்சையாகும், இரும்பு அடை அடையாக உரியும், என் விரல் நுனிகள் தை, மாசியில் வெடித்துக் கிடக்கும். அந்த விரல்களோடுதான் சாயங்காலம் வாசிக்கப் போவேன்.

பாஸ் என்றால் பலருக்குத் தெரியாது. நாலு கம்பி இருக்கும், கிட்டாரைவிடக் கழுத்து நீளம். பாட்டில் அது தனியாகக் கேட்காது. நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். என்னுடையதை ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்தில் வாங்கினேன். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி வைத்திருந்தார். மிக்சிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் அது சாய்ந்திருந்தது. பேட்டரி போடுகிற மாதிரி இல்லை, வெறும் வயரும் காந்தமும்தான். அதற்காகத்தான் அதை எடுத்தேன். இந்தக் காற்றில் பேட்டரி வைக்கிற இடம் இரண்டு மாதத்தில் பூத்துப் போகும் என்பது மோட்டார் வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா.

நண்பனுக்கு அது பிடிக்கவில்லை. குழுவை ஆரம்பித்தவன் அவன், கீபோர்டு வாசிப்பவன்.

"இப்ப எல்லாரும் அஞ்சு ஸ்ட்ரிங்கு வச்சிருக்கான்டா. நீ இன்னா பழைய இரும்பு கடையில எடுத்த மாதிரி எடுத்துனு வந்திருக்க" என்றான்.

கம்பியிலும் எங்களுக்குள் தகராறு. சாதாரணக் கம்பியில் மரைமரையாகச் சுற்று இருக்கும். வியர்வையும் உப்பும் அதில் போய் உட்கார்ந்து மூன்று கச்சேரியில் துரு பிடித்துவிடும். முதலில் அதைக் கழற்றி வீட்டுப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துத் துடைத்து மாட்டிப் பார்த்தேன். மனைவி அந்தப் பாத்திரத்தை அதோடு எனக்கே கொடுத்துவிட்டாள். பிறகு வழவழப்பான கம்பிக்கு மாறினேன். அதில் உப்பு தங்காது. ஆனால் சத்தம் பளிச்சென்று இருக்காது, கொஞ்சம் அமுங்கித்தான் வரும். "செத்த மாதிரி இருக்குது" என்பான் நண்பன். எனக்கு அந்தச் சத்தம்தான் பிடித்தது. நெஞ்சுக்குக் கீழே எங்கேயோ போய் உட்காரும்.

அப்புறம் என் ஆம்ப். பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த மரப்பெட்டி, தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஷேர் ஆட்டோவில் அதற்கும் சேர்த்துத்தான் சீட்டுக் காசு கொடுப்பேன். இதெல்லாம் எதற்கு, நேராக மிக்சரில் சொருகிவிடு என்று நண்பன் எத்தனையோ முறை சொன்னான். நான் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெட்டி அதிர்ந்தால்தான் எனக்கு வாசிக்க வரும். கடைசியில் என்னை ஏமாற்ற அந்தப் பெட்டியே போதுமாக இருந்தது. பின்னால் கேட்கிறது, ஆகவே முன்னாலும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரு டிரம்மர் இருந்தான். பகலில் வெல்டிங் பட்டறை, சாயங்காலம் டிரம்ஸ். அவனும் நானும் பேசிக்கொண்டது குறைவு. அவன் இடது கால் அசைவைப் பார்த்தால் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு அவனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டான். நண்பன் வேறு டிரம்மர் தேடவில்லை. புது கீபோர்டு ஒன்று வாங்கினான். டிரம்ஸ் எல்லாம் அதிலேயே வந்தது. பாஸும் அதிலேயே இருந்தது. அதை ஆஃப் செய்து வைத்திருப்பதாகச் சொன்னான்.

"உன் எடத்துக்கு எவனும் வரமாட்டான்டா" என்று அப்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

உண்மை தெரிந்தது மரக்காணத்தில் ஒரு மண்டபத்தில், பட்டப்பகலில். ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பதினோரு மணி வாக்கில் தாய்மாமன் வீட்டுச் சீர்வரிசை வந்தது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இருபது முப்பது பேர் மேடை ஓரமாக ஏறினார்கள். நாங்கள் வேகமான ஒரு பாட்டில் இருந்தோம். பழத்தட்டோடு வந்த ஒருவர் கால் என் ஆம்ப் வயரில் மாட்டி, பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. என் பெட்டி அணைந்தது. அதோடு மிக்சருக்குப் போகிற சத்தமும் செத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டி வழியாகத்தான் அது போனது.

குனிந்து பிளக்கைத் தேடினேன். அப்போதுதான் மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து பாஸ் கேட்டது. நிற்காமல், தடுமாறாமல் போய்க்கொண்டிருந்தது. என் இரண்டு கையும் தரையில் இருந்தன.

பிளக் கையில் கிடைத்தும் சொருகவில்லை. எழுந்து நின்று, செத்த கிட்டாரில் விரலை ஓட்டிப் பாட்டை முடித்தேன். விழா வீடு, நடுவில் இறங்கிப் போக முடியாது. மிக்சர் பக்கம் பார்த்தேன். சவுண்ட்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டார்.

பந்தியில் நானும் நண்பனும் பாடுகிற பெண்ணும் வரிசையாக உட்கார்ந்தோம். அந்தப் பெண் புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள், ஏழு வருடமாக எங்களோடு பாடுகிறாள். இலையில் சோறு விழுந்த பிறகு கேட்டேன்.

"எப்பலேர்ந்துடா?"

அவன் எதை என்று கேட்கவில்லை. சாம்பாரை ஊற்றவிட்டுப் பிசைந்தான்.

"போன ஆடியிலேர்ந்து" என்றான்.

"எதுக்கு?"

"நீ இழுக்கறடா. மிஷினு நிக்காது. அது அதும்பாட்டுக்குப் போவும், நீ பின்னாடி வர்ற. கீழ கேட்டா அசிங்கமா இருக்குது."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ வரமாட்ட. மேடையில ஆளு தெரியணும்ல. நாலு பேர் நின்னாதான் ஆர்கெஸ்ட்ராங்கறான்."

அந்தப் பெண் இலையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

சாப்பிட்டு முடித்தேன். பாயசம் கூட வாங்கிக்கொண்டேன். என்ன மனிதன் என்று பிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். போன மாசியில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவள் வந்திருந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து முழுக் கச்சேரியும் கேட்டுவிட்டு, நல்லா இருந்துதுங்க என்று சொன்னவள்.

"அன்னிக்குக் கூடவா உனக்குத் தெரியல? நான் வாசிச்சது கேக்கலன்னு?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"உங்களுது எந்த சத்தம்னே எனக்குத் தெரியாதுங்க. நீங்க நிக்கறதப் பாப்பேன், அவ்ளோதான்."

பதினான்கு வருடம் ஒரே வீட்டில். திண்டிவனம் ரோட்டில் பஸ் திரும்பும் சத்தத்தை வைத்து எந்த பஸ் என்று சொல்லுவாள். அவள் மேல் தப்பில்லை. நானும் ஒரு நாள் கூட உட்காரவைத்து இதுதான் என்னுடையது என்று காட்டியதில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த வார்த்தை என்னை நண்பன் செய்ததைவிட அதிகமாகக் காயப்படுத்தியது.

அடுத்து ஒப்புக்கொண்ட கச்சேரி மூன்று இருந்தது. மூன்றுக்கும் போனேன். தோளில் பாஸை மாட்டிக்கொண்டு நிற்பதை விட முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கச்சேரி கூனிமேடு பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில், சாயங்காலம், கடலுக்கு முதுகு காட்டிப் போட்ட மேடை. சேனல் மூடித்தானே இருக்கிறது என்று ஒரு பாட்டு முழுவதையும் வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். ஸ்வரம் தப்பு, தாளம் தப்பு. பின்னால் என் பெட்டி கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. பாடுகிற பெண் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நண்பன் திரும்பவே இல்லை. கீழே இளவட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது லுங்கி கட்டிய ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸு சூப்பர்ணா. நெஞ்சுல அடிச்சுது."

நன்றி என்று சொன்னேன்.

மூன்றாவது கச்சேரியோடு நின்றுவிட்டேன். சொல்லிக்கொள்ளவும் இல்லை. நண்பன் போன் செய்தபோது எடுக்கவில்லை, அவனும் இரண்டாவது முறை செய்யவில்லை.

ஆனால் நீ இழுக்கிறாய் என்றது மண்டையில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் டிக் டிக் என்று தாளம் போடும் ஆப்பை ஓடவிட்டு, அதோடு வாசித்து ரெக்கார்டு செய்து கேட்டேன். இழுத்திருந்தேன். அதிகமில்லை, ஒரு மயிரிழை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் இருந்தது. மறுபடி வாசித்தேன், மறுபடியும் அதே. நான்கு ஞாயிறு உட்கார்ந்து பார்த்தும் போகவில்லை.

டிரம்மருக்குப் போன் போட்டேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்தான். சொன்னதும் சிரித்தான்.

"நானும் இழுப்பேன்ல. ரெண்டு பேரும் சேர்ந்துதான இழுத்தோம். அதனால யாருக்கும் தெரியல."

"உனக்குத் தெரியுமா அப்பவே?"

"தெரியும். எனக்கு அதான் புடிச்சுது. நிதானமா ஒக்காந்து வாசிச்ச மாதிரி இருக்கும்."

இப்போது வாசிக்கிறாயா என்று கேட்டேன். டிரம்ஸை வந்த புதிதிலேயே விற்றுவிட்டதாகச் சொன்னான். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது, அடிக்க முடியாதாம்.

நண்பன் வீட்டுக்கு வந்தது பங்குனியில். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று மனைவிதான் கூப்பிட்டாள். காபி குடித்துவிட்டுச் சொன்னான்.

"மேடையில ஆளு கம்மியா தெரியுதுன்றாங்கடா. வாயேன்."

"சேனலைத் தொறப்பியா?"

கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். "ஸ்லோ பாட்டுக்குத் தொறக்கறேன்" என்றான். பிறகு, "மச்சான், உன்ன அசிங்கப்படுத்தணும்னு செய்யலடா. உன்ன வுட மனசு வரல. அதான் அப்படிச் செஞ்சேன்" என்றான். அவன் குரலில் பொய் இருந்ததாகத் தோன்றவில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. வரமாட்டேன் என்றேன்.

"சரி, பாஸையாவது குடு. என் மச்சினன் சும்மா மாட்டிக்கினு நிப்பான். மூணு நாள்ல திருப்பித் தந்துடறேன்."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தேன். அவன் போன பிறகுதான் உள்ளே வந்தேன். மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

சித்திரையில் அவர்களை மறுபடி பார்த்தேன். மரக்காணம் கடைத்தெருவில் பேரிங் வாங்கப் போனபோது கோயில் பக்கம் பாட்டு கேட்டது. கூட்டத்தின் ஓரமாக நின்றேன். மேடையில் நான் நிற்கும் இடத்தில் நண்பனின் மச்சினன் நின்றிருந்தான். கையில் இருந்தது ஆறு கம்பி வைத்த சாதாரண கிட்டார். வயர் எங்கும் சொருகியிருக்கவில்லை. நுனியைச் சுருட்டிப் பேண்ட் பாக்கெட்டில் விட்டிருந்தான். இடது கையை அசைக்க வேண்டும் என்று கூட அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பாஸ் இம்மி பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. தாளத்தோடு சரியாக இருந்தது. என் காதுக்கே அது சரிதான் என்று தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் நண்பன் மைக்கை எடுத்து ஒவ்வொருவர் பெயராகச் சொன்னான். பாஸ் கிட்டார் என்று மச்சினன் பெயரைச் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. அவன் கையை உயர்த்திக் கும்பிட்டான். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்து, "நம்ம ஊரு பசங்கதான். நல்லா வாசிக்கறானுங்க" என்றார். ஆமாம் என்றேன். பேரிங் கடை மூடுவதற்குள் போக வேண்டியிருந்தது.