கடைசியில் நடப்பவள்

குகைக்குப் போகிற மலைப்பாதையில் முன்னால் நடப்பவருக்குத் தலை என்றும், எல்லோருக்கும் பின்னால் நடப்பவருக்கு வால் என்றும் பெயர். சுற்றுலா அலுவலகத்தில் யார் வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டுவிட்டது. தலைக்கு வேலை வழிகாட்டுவது, வாய் ஓயாமல் பேசுவது, குகைக்குள் டார்ச் அடித்து ஓவியங்களைக் காட்டுவது. வாலுக்கு ஒரே வேலைதான். தனக்குப் பின்னால் ஒருவரும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு லேசாக இருக்கும். முட்டிவலிக்காரர்களையும் செல்ஃபி பைத்தியங்களையும் ஒரு மலை முழுக்கக் கட்டி மேய்த்துப் பார்த்தால் தெரியும் சங்கதி.

இந்த வால் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. தலையாக இருந்தவர் அவளுடைய கணவர். "தலையும் வாலும் ஒரே வீட்டுல, நடுவுல உடம்பு மட்டும் தினம் மாறுது" என்று வேன் டிரைவர் சொல்லி அலுக்காத ஜோக் ஒன்று இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர், முகம் கழுவிவிட்டுத் துண்டு கேட்டார். அவள் எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகத்தில் ஈரம்கூடக் காயவில்லை. டிரைவர் அதற்குப் பிறகு அந்த ஜோக்கைச் சொல்வதில்லை.

அவள் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியமெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், நாற்காலி போட்டாள், போகிறவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினாள். கல்நெஞ்சுக்காரி என்று கணவர் வீட்டுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன, அதுவும் ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டில் உப்பு போட மறந்ததைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிய பிறகும் அவள் அறியவில்லை.

அடுத்த வாரமே வேலைக்கு வந்தாள். முன்னால் நடக்க வேறு ஆள் போட்டிருந்தார்கள், முப்பது வயசுப் பெண். இவள் எப்போதும்போலப் பின்னால் நடந்தாள். கால் மட்டும் நடந்தது.

அவளுடைய அக்கா தினமும் போன் செய்வாள். "ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுடி, உனக்குப் புண்ணியமாப் போகும்." பிறகு, "அந்த வீட்டுல தனியாக் கிடந்து என்ன பண்ணப்போறே? எங்கூட வந்துடு. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு." சரி என்றாள். வேலையை விட்டுவிடு என்றாள் அக்கா. அதற்கும் சரி. இருப்பதும் போவதும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. சாமான்களைப் பெட்டியில் கட்டியாகிவிட்டது. நாளைக்குக் காலையில் வண்டி வரும். இன்றைக்குக் கடைசி நடை.

கடைசி நாளாயிற்றே என்று புது வழிகாட்டிக்கு மனசு கேட்கவில்லை. வேனிலிருந்து இறங்கும்போதே பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, இன்னைக்கு ரெண்டு பேர் வரலை. உள்ள இடம் இருக்கு. நீங்களும் வாங்களேன்."

"நான் எதுக்கும்மா? பையெல்லாம் யாரு பாத்துக்கிறது?"

"டிரைவர் அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன், மேல வரேன்னுட்டாரு. இத்தனை வருஷம் இந்த மலை ஏறிட்டு உள்ள பாக்காமலே போவீங்களா?"

நிஜம்தான், அவள் உள்ளே போனதே இல்லை. ஆட்கள் விடுகிற மூச்சுக் காற்றில் ஓவியம் கெட்டுவிடும் என்று குகைக்குள் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள். பைகள் வெளியே இருக்க வேண்டும், இரும்புக் கதவை யாராவது காவல் காக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் வால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை கணவரிடம் கேட்டாள், உள்ளே என்னதான் இருக்கிறது என்று. "மாடு, மான், நாலஞ்சு மனுஷங்க. நீ பாத்தா சுவருக்கு வெள்ளையடிக்கணும்னு சொல்லுவே" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். மனிதர் வீட்டில் அதிகம் பேசுகிறவர் இல்லை. "பேச்சையெல்லாம் சம்பளத்துக்கு வித்தாச்சு, வீட்டுக்கு மிச்சம் இல்ல" என்பார். அவளும் தோண்டித் துருவிக் கேட்கிற ரகம் இல்லை.

ஏற ஆரம்பித்தார்கள். அன்றைய கூட்டத்தில் ஒரு பருத்த மனிதர் இருந்தார், வங்கியில் பெரிய பதவியாம். பாதி ஏறுவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நாலு அடிக்கு ஒரு தரம் நின்று, காட்சியை ரசிப்பதுபோல இடுப்பில் கைவைத்துக்கொண்டார். ரசிக்க அங்கே ஒரு மொட்டைப் பாறைதான் இருந்தது. இப்படிப்பட்டவர்களிடம் மெதுவா வாங்க, உக்காந்து வாங்க என்றால் ரோஷம் வந்து, முன்னால் ஓடிப்போய் மயங்கி விழுவார்கள். அவள் தானாகக் கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு. அவர் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்று, குனிந்து, தன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவாள். அவளுக்காகத்தான் தான் காத்திருப்பதாக அந்த மனிதர் நினைத்துக்கொள்வார். கௌரவமும் போகாது, மூச்சும் வாங்கிக்கொள்ளலாம். யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. கணவரிடம்கூட. சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

"கயித்தை நல்லா இறுக்கிக் கட்டுங்கம்மா. எத்தனை வாட்டி நிக்கிறது?" என்று அந்த வங்கிக்காரர் அவளுக்குப் புத்தி சொன்னார். "சரிங்க சார்" என்றாள்.

மேலே டிரைவர் பைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். இரும்புக் கதவு திறந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தலையைத் தாழ்த்தி உள்ளே போனார்கள். அவள் பழக்க தோஷத்தில் கடைசியாகத்தான் போனாள். உள்ளே சில்லென்று இருந்தது. டார்ச் வெளிச்சம் சுவரில் ஏறியதும் செம்மண் நிறத்தில் ஒரு காளை தெரிந்தது, பிறகு கொம்பு கிளைத்த மான்கள். கூட்டம் 'ஆ' என்றது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். சுவரின் மேல்மூலையில் ஒட்டடை இருந்ததையும் பார்த்தாள்.

புது வழிகாட்டி பேச்சை மனப்பாடம் செய்திருந்தாள். பழைய தலை பேசியதை அலுவலகத்தில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்த பேச்சு, ஒரு எழுத்து மாறக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. அவளும் பாவம், அவர் எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தி, எங்கே இருமினாரோ அங்கேகூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தாள்.

வெளிச்சம் தாழ்வாக நகர்ந்து நின்றது. சுவரில் மனிதர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். குச்சிக் கை, குச்சிக் கால், முன்னால் ஒருவன் கம்பை உயர்த்திக்கொண்டு. எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் விலகி, ஒரே ஒரு உருவம் மட்டும் குனிந்திருந்தது.

"இந்தக் கடைசி ஆளைப் பாருங்க. ஏன் குனிஞ்சிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. கிழங்கு தோண்டுறாங்கன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு முன்னாடி இருந்த சார் வேற ஒண்ணு சொல்வாரு. 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அது என் பொண்டாட்டி. ஷூ கயிறு கட்டுறா. எவனோ ஒருத்தனுக்கு மூச்சு வாங்குது, அவன் வெக்கப்படக் கூடாதுன்னு இவ குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா. திரும்பித் திரும்பிப் பாத்து என் கழுத்துதான் சுளுக்கிக்கிச்சு' அப்படிம்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வங்கிக்காரரும் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் டார்ச்சைத் திருப்பியபோது வெளிச்சம் கதவோரம் நின்றிருந்தவள் மேல் பட்டது. யாரை உள்ளே அழைத்து வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மனப்பாடம் அத்தோடு அறுந்துபோயிற்று.

"அதுக்கப்புறம் என்ன சொல்வாரு?" என்று கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"அம்மா... எனக்கு ஞாபகமே..."

"பரவாயில்ல, சொல்லு. அப்புறம் என்ன சொல்வாரு?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் சிரிச்சு முடிக்கிறவரைக்கும் நிப்பாரு. அப்புறம் அடுத்த ஓவியத்துக்குப் போயிடுவாரு."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா. அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். கூட்டம் நகர்ந்தது.

இறங்கும்போது அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று மாதத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று வந்தது, வந்தது கோபம். அடிவயிற்றிலிருந்து கிளம்பி முகமெல்லாம் சுட்டது. பார்த்திருக்கிறார். இத்தனை வருஷமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறார். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேரிடம் என் பொண்டாட்டி என் பொண்டாட்டி என்று சொல்லத் தெரிந்திருக்கிறது, கட்டினவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? கழுத்து வலிக்கிறது என்று ராத்திரி ராத்திரி தைலம் தேய்க்கச் சொன்னாரே, அப்போதாவது சொல்லக் கூடாதா? நான் என்ன பாறையா? என்னங்க, நான் என்ன பாறையா? வரட்டும், இன்றைக்கு வரட்டும், டீயும் கிடையாது ஒன்றும் கிடையாது, நிற்க வைத்துக் கேட்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கேள்வியைச் சரிசெய்துகொண்டே இறங்கினாள். முன்னால் வங்கிக்காரர் நின்று நின்று இறங்கினார், அவள் குனியவே இல்லை.

கீழே வேன் அருகில் அந்தப் பெண் கண் கலங்க நின்றிருந்தாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. யோசிக்காம ஒப்பிச்சுட்டேன். நாளையிலிருந்து அதை விட்டுடறேன்."

"எதுக்கு விடறே? அவர் சொன்னதைத்தானே சொன்னே. நாளைக்கு யாரு பின்னாடி?"

"இன்னும் ஆள் போடலைம்மா."

"நான் வரேன்."

"நீங்க நாளைக்கு ஊருக்கு..."

"அதை நான் பேசிக்கிறேன்."

அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டாள். ஆட்கள் பைகளை எடுத்துக்கொண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டும் அவளைச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, நாளைக்கு வண்டி வேண்டாம்."

"ஏண்டி? பெட்டியெல்லாம் கட்டிட்டேன்னியே. திடீர்னு என்ன வந்துச்சு உனக்கு?"

"இப்ப வர முடியாதுக்கா. அவர்கிட்ட நான் ஒண்ணு கேக்கணும். கேக்காம விடமாட்டேன்."

அக்கா பையப் பையக் கேட்டாள். "யார்கிட்டடி கேக்கணும்?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மலையெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த கேள்விகள் ஒன்றும் இல்லை.

"அக்கா," என்றாள், இப்போதுதான் யாரோ வந்து சேதி சொல்லிவிட்டுப் போனதுபோல, "அவர் செத்துப்போயிட்டாருக்கா."

"ஆமாண்டி கண்ணு," என்றாள் அக்கா.