நானே தளர்த்திய திருகாணி

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்கு இக்கரையில், மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். சிகரெட்டை விட்டு வேப் என்னும் மின்சிகரெட் பிடிக்கத் தொடங்கிய புதிதில், கம்பியை நாமே சுற்றித் திருகாணியால் இறுக்கிப் பஞ்சு வைக்கும் அட்டமைசர், அதாவது ஆவி வரும் தலைப்பாகம், ஒன்றை வாங்கினேன். ஞாயிறுதோறும் ஃபெரியில் அக்கரைக்குப் போய், லிட்டில் இந்தியாவில் ரபீக்கின் வேப் கடை மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து கம்பி சுற்றுவோம். இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீர் வரும், ஊர்க்கதை வரும். எனக்குப் பேச வராது, கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரமே எனக்கு வாரம் முழுவதற்கும் போதும்.

கம்பி நன்றாக இருந்தாலும், ஃபெரியில் போகும்போதே திருகாணியைத் தளர்த்திவிடுவேன். சும்மா போய் உட்காரக் கூச்சம்.

"மறுபடியும் கழண்டுருச்சா அண்ணே? அந்த ஸ்குரூவுக்கு உங்க மேல என்ன கோவம் லா!" என்று ரபீக் சிரிப்பான்.

பிறகு எல்லாரையும் போல நானும் பாட் என்னும் புது மாதிரி வேப் வாங்கினேன். ஒழுகாது, சுற்ற வேண்டாம், தீர்ந்தால் வேறொன்றைச் செருகினால் போதும். ஆனால் கடைக்குப் போகக் காரணம் இல்லாமல் போனது. பல மாதங்கள் போகவில்லை.

ஒருநாள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ரபீக் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் கடைப்பக்கம் வருவதில்லை என்று கேட்டான். நான் பாட் வேப்பைக் காட்டி, "இதுல கழட்ட ஒன்னும் இல்ல தம்பி" என்றேன்.

"நீங்களே கழட்டிட்டு வர்றது எங்களுக்கு அப்பவே தெரியும்ணே. சும்மா வந்தா நாற்காலி தரமாட்டோமா?"

அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு போனேன். சுவரோரம் என் நாற்காலி அப்படியே இருந்தது.

பழைய அட்டமைசரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், திருகாணியை நன்றாக இறுக்கி.

எழுதி முடித்தது: தைப்பூசத்துக்கு மறுநாள்.