அஞ்சாம் வகுப்பின் கடைசித் தமிழ்ப் பாடங்கள்

பாடமும் தேர்வும் முடிந்த பிறகு பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று, என்னைப் போல அஞ்சாம் வகுப்பு எடுப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூலூர்ப் பக்கம், தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி எங்களுடையது. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். போகுமுன் தமிழில் எதையாவது ஆசையாக எழுத வைப்போம் என்று போன ஏப்ரலில் இறங்கினேன். நீங்களும் இறங்கியிருப்பீர்கள்.

புது டீச்சருக்குக் கடிதம்

ஆறாம் வகுப்பில் வரப்போகும் டீச்சருக்குத் தன்னை அறிமுகப்படுத்தி ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். ஒருத்தன் கபடி ஆடுவேன் என்று எழுதினான். ஒருத்தி கணக்கு வராது, அடிக்காதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள். கோகிலா மட்டும் தாளில் கோடு போட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள் அவள்தான்.

"ஏன் அம்மணி, எழுதலையா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

நிமிராமலே சொன்னாள்: "அம்மா தறிக்குப் போகோணுமுங்க டீச்சர். தம்பிப் பாப்பாவ நாந்தான் பாத்துக்கோணும். நா யாருக்குங்க எழுதறது?"

நாலாம் வகுப்புக்கு யோசனை

அடுத்த நாள், உங்கள் இடத்துக்கு வரப்போகும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யோசனை எழுதுங்கள் என்றேன். தினேஷ் இரண்டே வரி எழுதியிருந்தான். 'டீச்சர் கத்தும்போது தரையைப் பாருங்கள். நிமிர்ந்து பார்த்தால் இன்னும் கத்துவார்.'

எனக்குச் சுருக்கென்றது. "நெசமாவே நான் அப்படிக் கத்தறனா?" என்று பொதுவாகக் கேட்டேன். முப்பது தலைகளும் சேர்ந்தாற்போல் தரையைப் பார்த்தன. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு தினேஷ்தான் வாயைத் திறந்தான்: "இப்பக் கத்தலைங்க டீச்சர். கத்தறதுக்கு முன்னாடி இப்படித்தானுங்க கேப்பீங்க."

அம்மாவிடம் மூன்று கேள்வி

அம்மா எதுவரை படித்தார், எது பிடித்தது, ஏன் நிறுத்தினார் என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னேன். கோகிலா எழுதி வரவில்லை. அவள் அம்மாவே கைக்குழந்தையோடு வந்து நின்றார். கேள்விகளை விட்டுவிட்டு, பெண்ணை ஆறாவதில் சேர்த்தே ஆக வேண்டும் என்று மன்றாடினேன். அவர் அசையவில்லை. கோபத்தில், "சேர்க்கலைன்னா மேலே ஆபீசருக்கு எழுதிக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. "நானும் அஞ்சாவது பாஸுங்க டீச்சர். இப்ப என்ற பேர எழுதறதுக்கே கை தடுமாறுது. கொஞ்ச நாள்தானுங்க அழுவா, அப்புறம் மறந்துபோடுவா."

வாங்காமல் கிடந்த டி.சி.

ஜூனில் எல்லாரும் டி.சி. வாங்கிப்போன பிறகும் கோகிலாவுடையது மட்டும் பீரோவில் கிடந்தது. மேலே எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேரில் போய்த் தன்மையாகப் பேசிப் பார்க்கலாம், வேண்டுமானால் நானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிடலாம் என்று அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. எந்த ஊருக்குப் போனார்கள் என்று அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, நீங்கதான் அந்த டீச்சருங்களா? எழுதிக் குடுத்துருவீங்கன்னு பயந்துட்டுத்தானுங்க அவிங்க ஊட்டைக் காலி பண்ணிப்போட்டாங்க."

பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு வருசா வருசம் அதே அஞ்சாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிற நமக்கு மார்க் போட யாரும் இல்லாதது ஒரு விதத்தில் நல்லதுதான்.